திண்ணைக்குக் கடைக்கால்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வேப்ப மரத்தடியில் பத்துக்கு எட்டு அடியில் ஒரு பலகை மேடை இருக்கிறது. பார்க்கிறவர்கள் "நல்லா இருக்கே சார், எவ்வளவு ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். பணக் கணக்கைச் சொல்லிவிடுவேன். அந்த மேடையை நான் இரண்டு முறை கட்டினேன் என்பதையும், முதல் முறை ஏன் விழுந்தது என்பதையும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். திருநாவலூரில் எங்கள் பழைய வீடு ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த திண்ணை, நாலு மரத்தூண், ஒவ்வொரு தூணுக்கும் கீழே ஒரு கருங்கல். அப்பாவுக்கு அந்தத் திண்ணைதான் எல்லாம். காலையில் காபி அங்கே. பேப்பர் அங்கே. பகல் தூக்கம் அங்கே. வழியில் போகிறவர்களை நிறுத்தி, "என்னப்பா, மல்லாட்டைக்குக் களை எடுத்தாச்சா?" என்று கேட்பதும் அங்கேதான். பல் விழுந்த பிறகு வெற்றிலை பாக்கைத் தூணடிக் கல்லின் ஓரத்தில் வைத்துச் சின்ன இரும்புக் கம்பியால் இடித்துப் போட்டுக்கொள்வார். டொக் டொக் என்று அந்தச் சத்தம் கேட்டால் அப்பா விழித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

1996-இல் நான் வீட்டை இடித்து மாடி வீடு கட்டினேன். பள்ளி ஆசிரியர் சம்பளம், வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு சதுர அடியும் எனக்குக் கணக்கு. வரைபடத்தில் திண்ணை இருந்த இடத்தில் முன்னறை வந்தது. அப்பா வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார் என்று நினைக்கிறேன். "நான் எங்கடா உக்காருவேன்?" என்று மட்டும் கேட்டார். "உள்ளே ஃபேன் போட்டு நாற்காலி போடறேன்பா, இனிமே எதுக்குத் தெருவில உக்காரணும்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்தார். ஆனால் சாயங்காலம் ஆனால் எழுந்து வாசல் படியில் போய் ஒரு ஓரமாகக் குந்திக்கொள்வார். படி ஒரு அடி அகலம். யாராவது உள்ளே வந்தால் எழுந்து வழிவிட வேண்டும். மூன்று வருஷம் அப்படி எழுந்து எழுந்து வழிவிட்டார். 1999-இல் போய்விட்டார்.

நம் ஊர்ப் பிள்ளை சுந்தரருக்கே கல்யாணத்தன்று ஒரு கிழவர் வந்து, பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலையைக் காட்டி வழக்குப் பேசிய கதை நமக்கெல்லாம் தெரியும். பழைய பாக்கி எப்போது யார் உருவத்தில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு அது வீடியோ காலில் வந்தது.

என் மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருக்கிறான். 2024 தொடக்கத்தில் ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த மரமேடையைக் காட்டினான். 'டெக்' என்கிறார்கள். தோட்டத்தை ஒட்டிப் பலகை பாவி, அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். "நானே கட்டினேன்பா, சனி ஞாயிறுல" என்றான். என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அட, நம்ம பழைய திண்ணை மாதிரி இருக்குதே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

நமக்கும் ஒன்று கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய வீட்டுக் கூரையின் பனஞ்சட்டங்கள் கொட்டகையில் அடுக்கியபடியே கிடந்தன. வைரம் பாய்ந்த பனை. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். மகன் தானே கட்டினான் என்றால் நானும் தானே கட்டுவேன் என்று ஒரு வீம்பு.

2024 சித்திரையில் வேலை. தரை பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டால் கை அதிர்ந்தது. "இவ்வளவு கெட்டியான மண்ணுக்கு அஸ்திவாரம் எதுக்கு?" என்று தோன்றியது. ஒரு அடி ஆழம் குழி எடுத்து, அடியில் நாலு செங்கல் பரப்பி, பனைக் கால்களை அப்படியே நட்டு, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன். மேலே சட்டம், அதன்மேல் பலகை. பத்து நாளில் முடிந்தது. போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். 'சூப்பர்பா' என்று பதில் வந்தது.

கோடையில் அந்த மண் கெட்டியாக இருந்ததற்குக் காரணம் அது காய்ந்து போனதுதான். எங்கள் தோட்டத்து மண்ணில் களி அதிகம். காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும், நனைந்தால் உப்பும், உப்பி இளகும். சித்திரை வெயிலில் மண்ணைத் தட்டிப் பார்த்து அதன் பலத்தை எடைபோட்டது, பரீட்சைக்கு முந்தின நாள் வீட்டுப் பாடத்தைப் பார்த்துப் பையனுக்கு மார்க் போட்டது மாதிரி.

பரீட்சை கார்த்திகையில் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைபுரண்டது. எங்கள் தோட்டத்தில் இரண்டு நாள் கணுக்கால் தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். மேடை அப்படியே நின்றது. கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்குப் பெருமை.

நாலைந்து நாள் கழித்து வெயில் வந்தது. மனைவி காபி டம்ளரோடு போய் வடகிழக்கு மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் குழாயடியில் இருந்தேன். மடக்கென்று ஒரு சத்தம். திரும்பினால் அந்த மூலை அரை அடி கீழே இறங்கி, நாற்காலி சாய்ந்து, அவள் இடது கையை ஊன்றியபடி தரையில் கிடக்கிறாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பொங்கலுக்குக் கோலம் கூட அவள் போடவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் வந்து போட்டுவிட்டுப் போனாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "உங்க அப்பாவுக்கு இல்லாத திண்ணை எனக்கு மட்டும் எதுக்குங்க?" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மாசியில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். உள்ளூர்க்காரர்தான். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணக்கில் ஒருநாளும் தேறாதவர், இப்போது நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறார். வந்தவர் மேடையைப் பார்க்கவே இல்லை. இறங்கிப் போன மூலையில் குந்தி, கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டே, "சார், இங்க முன்ன என்னா இருந்திச்சி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லையே, தோட்டம்தான்" என்றேன்.

சமையலறை ஜன்னலில் இருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "எருக்குழி இருந்திச்சி இல்ல? மாமா தோண்டினது."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாடுகள் இருந்த காலத்தில் அப்பா எருக்குழி வெட்டியிருந்தார். வீடு கட்டும்போது மாடுகளை விற்றாகிவிட்டது. இடித்த ஓட்டையும் மண்ணையும் தள்ளி அந்தக் குழியை மூடச் சொன்னது நான்தான். திண்ணையை இடித்த மண்ணும் அதில்தான் போயிருக்கும். இருபத்தெட்டு வருஷத்தில் மேலே புல் முளைத்து, நடை பழகி, நான் மறந்துவிட்டேன். உள்ளே குப்பை மக்கி, ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே பொந்து விழுந்து கிடந்திருக்கிறது. தண்ணீர் இறங்கியதும் அந்த மண் அமுங்கிவிட்டது.

"நாம கொட்டின மண்ணு மேல எதையும் நிறுத்தக் கூடாது சார். தானா இருக்கிற மண்ணு வர்ற வரைக்கும் வானம் எடுக்கணும்" என்றார் கொத்தனார். வானம் தோண்டுவது என்றால் இளைய தலைமுறைக்குத் தெரியாது. கடைக்காலுக்குப் பள்ளம் எடுப்பதற்கு நம் பக்கத்துப் பேச்சு அது. தரைக்குக் கீழே வெட்டுகிற பள்ளத்துக்கு வானம் என்று பேர் வைத்தவன் யாரோ, நன்றாகத்தான் வைத்திருக்கிறான்.

பழைய மேடையைப் பிரித்தோம். மண்ணில் நட்டிருந்த கால்களில் மூன்றில் ஒரே வருஷத்துக்குள் கரையான் புற்று ஏறியிருந்தது. வைரம் பாய்ந்த பகுதி தப்பித்தது, உள்பக்கத்துச் சோறு போய்விட்டது.

அடுத்து மூலை மட்டம் பார்க்கிற வேலை. முளைக்குச்சி அடித்து, நூல் கட்டினார். எட்டு அடிப் பக்கத்தை முழுசாக வைத்தார். பத்து அடிப் பக்கத்தில் ஆறு அடியில் ஒரு முடிச்சு. இரண்டுக்கும் குறுக்கே டேப்பைப் பிடித்து, "பத்து வந்தா மூலை சரி சார்" என்றார். வந்தது. ஆறு, எட்டு, பத்து. ஆறை ஆறால் பெருக்கினால் முப்பத்தாறு, எட்டை எட்டால் பெருக்கினால் அறுபத்து நாலு, இரண்டும் சேர்ந்தால் நூறு. பித்தாகரஸ் தேற்றம். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் நான் எழுதி எழுதி அழித்தது.

"இதை யாருப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"எங்க மேஸ்திரி சார். ஏன், பள்ளிக்கூடத்துல இது வந்திச்சா?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தன் பங்குக்கு ஒரு முறை நானே சரிபார்த்தேன். முழு மேடையின் இரண்டு குறுக்களவும் 12 அடி 9 அங்குலத்துக்குச் சற்று மேலே, இரண்டும் ஒரே அளவு. அப்படி இருந்தால் நாலு மூலையும் சரி என்று அர்த்தம். வீட்டில் சின்னதாக ஏதாவது கட்ட நினைக்கிறவர்கள் இந்த இரண்டு சோதனையையும் செய்துவிட்டே மண்வெட்டியை எடுங்கள்.

மேடைக்கு ஒன்பது கால். வரிசைக்கு மூன்று, மூன்று வரிசை. ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒன்பது குழி. எட்டுக் குழிகளில் இரண்டரை அடியில் நிறம் மாறி, கம்பி இறங்காத கெட்டி மண் வந்துவிட்டது. ஒன்பதாவது, வடகிழக்கு மூலை, இறங்கிக்கொண்டே போனது. மூன்று அடியில் ஓட்டுச் சில்லு. மூன்றரையில் கறுப்பு எரு, இன்னமும் வாசனையோடு. அதில் கிடைத்தது மாட்டுக் கழுத்து மணி ஒன்று, நாக்கு இல்லாமல். நாலரை அடியில்தான் தானாக இருந்த மண் வந்தது. கொத்தனார் உள்ளே இறங்கிக் குதித்துப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.

அடியில் தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்தோம். இடிக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் இடியில் மண் 'தொப்' என்று சொல்லும். இறுகிய பிறகு 'டிங்' என்று வேறு குரலில் சொல்லும். குரல் மாறுகிற வரை விடக் கூடாது. எழுபது வயதை எட்டுகிற ஆளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். குழிக்குக் குழி உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

அப்புறம் ஒவ்வொரு குழியிலும் அரை அடி கனத்துக்கு ஒன்றரை ஜல்லி கான்கிரீட். சிமென்ட் ஒரு பங்கு, மணல் நாலு, ஜல்லி எட்டு. கணக்கை நான் போட்டேன். ஒரு குழிக்கு ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு, ஒன்பது குழிக்கும் சுமார் பத்து கன அடி. கலக்காமல் அளக்கும்போது இதைப்போல ஒன்றரை மடங்கு வேண்டும், பதினைந்து. அதில் பதின்மூன்றில் ஒரு பங்கு சிமென்ட், ஒரு மூட்டைக்குள் அடங்கிவிடும். "ஒரு மூட்டை போதும்" என்றேன். "ஆமா சார், ஒண்ணுதான் எடுத்தாந்திருக்கேன்" என்றார் அவர். அதன்மேல் தரை மட்டம் வரை செங்கல் கட்டு. ஆழமான குழிக்கு மட்டும் செங்கல் கூடுதலாகப் போனது. ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். மனைவி கட்டுப் பிரித்த கையோடு பக்கத்தில் வந்து நின்று பார்ப்பாள். எதுவும் கேட்க மாட்டாள்.

மரம் மண்ணைத் தொடக் கூடாது, நடுவில் கல் வேண்டும் என்று கொத்தனார் சொன்னபோதுதான் எனக்கு அந்த நாலு கற்களின் நினைவு வந்தது. பழைய திண்ணைத் தூணடிக் கற்கள். நம் முன்னோர் மரத்தூணைக் கல்மேல் நிறுத்தியது அழகுக்கு என்று நினைத்திருந்தேன். ஈரம் ஏறாமல், கரையான் கண்ணில் படாமல் ஏறாமல் இருக்கத்தான். கல்லின்மேல் புற்று எழும்பினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், தட்டிவிடலாம். அந்தப் பாடம் நாற்பது வருஷம் என் கண்ணெதிரே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

கற்களைத் தேடினேன். ஒன்று துவைக்கிற கல்லுக்கு முட்டுக்கொடுத்தபடி. இரண்டு பழைய மாட்டுத் தொட்டிக்கு அடியில். நாலாவது தென்னை மரத்தடியில் பாதி புதைந்து. எடுத்துக் கழுவினோம். நாலாவது கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த கொத்தனார், "சார், இதுல என்னா ஓரமா ஒரு குழி?" என்றார்.

விரல் நுனி அளவு குழி. வழவழவென்று. அப்பா வெற்றிலை இடித்த இடம்.

நான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துவிட்டு, "தாத்தா எனக்குக் கூட ஒரு தடவ பாக்கு குடுத்திருக்காரு சார், பள்ளிக்கூடம் போற வழியில" என்றார். பிறகு அந்தக் கல்லை எடுத்து, வடகிழக்கு மூலைக்கே வைத்தார். குழி வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். நான் அப்படி வைக்கச் சொல்லவில்லை. மற்ற மூன்றும் மற்ற மூலைகளுக்கு. மீதி ஐந்து கால்களுக்குக் கருங்கல் துண்டு வாங்கினோம்.

ஒன்பது கல்லும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டம் பத்து அடிக்கு எட்டாது. கண்ணாடி மாதிரி இருக்கிற டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். காற்றுக் குமிழி உள்ளே இருந்தால் பொய் சொல்லும் என்பதால் முதலில் குமிழியை எல்லாம் ஓட்டிவிட வேண்டும். தண்ணீர் ஆடி ஆடி நிற்கும். நிற்கும் வரை பொறுக்க வேண்டும். இந்த வேலை முழுக்கவே நான் கற்றுக்கொண்டது அந்தப் பொறுமை ஒன்றுதான்.

அதன்மேல் பழைய பனஞ்சட்டங்களே. பண்ருட்டியிலிருந்து முந்திரிக்கொட்டை எண்ணெய் வாங்கி வந்து பூசினோம். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், கையுறை போட்டுத்தான் பூச வேண்டும். கரையானுக்கு அது ஆகாது. கீழே தரையை வீட்டுப் பக்கத்திலிருந்து வெளியே சரிவாக வைத்து ஜல்லி பரப்பினோம், மழைத் தண்ணீர் மேடைக்கடியில் தங்காது.

வேலை நடந்த நாட்களில் காலையில் வழக்கம்போலக் கோயிலுக்குப் போவேன். பராந்தக சோழரின் மகன் இராசாதித்தன் கற்றளியாக்கிய கோயில். அவர் 949-இல் தக்கோலப் போரில் மாண்டார். கோயில் நிற்கிறது. அத்தனை வருஷம் போயும் நான் விமானத்தைத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். இப்போது குனிந்து அதிட்டானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று படிப்படியாக ஏறுகிறது. கண்ணில் படுவது அவ்வளவுதான். அதற்கும் கீழே மண்ணுக்குள் யாரோ குழிக்குள் இறங்கி மிதித்துப் பார்த்து, "இப்ப சரி" என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் பேர் கல்வெட்டில் இல்லை.

மேடை முடிந்த அன்று மனைவி காபி போட்டு வந்தாள். ஆனால் ஏறவில்லை. கொத்தனாரைப் பார்த்து, "நீ மொதல்ல உக்காருப்பா" என்றாள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே ஏறி, வடகிழக்கு மூலையில்தான் உட்கார்ந்தார். வேண்டுமென்றே இரண்டு தடவை அழுத்தி உட்கார்ந்தார். அப்புறம் நான். இரண்டு டம்ளர் காலியாகிற வரை அவள் கீழேயே நின்றாள். அன்றைக்கும் ஏறவில்லை, அடுத்த வாரமும் ஏறவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

2025 ஐப்பசி, கார்த்திகை மழையும் வந்து போனது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் டியூபை எடுத்துக்கொண்டு போய் மட்டம் பார்த்தேன். ஒரு நூல் கூட இறங்கவில்லை. ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. "இங்க கொடுங்க" என்று அவளே வந்து பிடித்தாள். பிடித்துக்கொண்டே மேடை ஓரத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் நிற்கும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. மட்டம் சரியாக இருந்தது. அதைச் சொன்ன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

இப்போது காலைக் காபி எங்களுக்கு அங்கேதான். தோட்டத்துக்குள் இருப்பதால் தெருவில் போகிறவர்கள் தெரிவதில்லை. அப்பா இருந்தால் அதை ஒரு குறையாகத்தான் சொல்வார். அதனால் போன வாரம் மதில் ஓரத்தில் இரண்டு அடி உயரத்தைக் குறைத்துவிட்டேன். நேற்றுக் காலையில் தெருவில் போன ஒருவரை நிறுத்தி, "என்னப்பா, மல்லாட்டை எப்படி இருக்குது?" என்று கேட்டேன். அவர் நின்று, மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனார்.